கொதிக்கும் வேன்: கோளாறு எங்கே இருக்கிறது?

   

பழைய வேன் ஒன்று பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. காலையில் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் செல்கிறது. பகலில் காய்கறி மூட்டை சுமக்கிறது. இரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கிறது. அந்த வேன் நடுவழியில் கொதித்து நின்றால் அன்றைய வருமானம் போகிறது. இஞ்சின் கெட்டுவிட்டால் பல மாத வருமானம் போகிறது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடித்தால் கண்ணே போகலாம்.

ஆகவே இன்றைய பேச்சு வண்டியின் தண்ணீரைப் பற்றியது. அந்தத் தண்ணீருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பற்றியது. ஓட்டுநர்கள் இதைப் பிரஷர் என்பார்கள்.

அழுத்தம் எதற்கு?

வீட்டில் உள்ள குக்கரை நினைத்துப் பாருங்கள். திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கிறது. அதற்கு மேல் சூடு ஏறாது. தண்ணீர் ஆவியாகப் போய்விடும். குக்கரில் மூடி இருக்கிறது. கேஸ்கெட் இருக்கிறது. மேலே வெயிட் இருக்கிறது. ஆவி வெளியே போக முடியாமல் உள்ளே அழுத்துகிறது. அதனால் தண்ணீர் 120 டிகிரி வரை போகிறது. பருப்பு சீக்கிரம் வேகிறது. டெனிஸ் பப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர் 1679-ஆம் ஆண்டிலேயே இத்தகைய பாத்திரத்தைச் செய்து காட்டினார்.

வண்டியிலும் இதே கதைதான். இஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. இஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்றுப் பட்டு ஆறுகிறது. மீண்டும் இஞ்சினுக்குப் போகிறது. இந்தத் தண்ணீர் கொதிக்கக் கூடாது. கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். குமிழ் இருக்கும் இடத்தில் இரும்பைத் தண்ணீர் தொடாது. அந்த இடம் மட்டும் நெருப்பாகச் சுடும். ஹெட் வளைந்துவிடும்.

தண்ணீரைக் கொதிக்க விடாமல் காப்பது ரேடியேட்டர் மூடி. குக்கரில் வெயிட் செய்யும் வேலையை இங்கே மூடி செய்கிறது. மூடியின் மேல் ஓர் எண் பொறித்திருக்கும். பல சிறு வண்டிகளில் அது 0.9. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.9 கிலோ அழுத்தம் வரை மூடி தாங்கும். அதற்கு மேல் போனால் திறந்துகொள்ளும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். கூலன்ட் கலந்தால் இன்னும் சற்று மேலே போகும்.

மலைப்பாதையில் இந்த மூடி இன்னும் முக்கியம். உயரம் கூடக் கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். சிம்லா நகரம் ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரம். அங்கே 88 டிகிரியே போதும். சமவெளியில் ஒழுங்காக ஓடும் வண்டி மேட்டில் ஏறும்போது கொதிக்க இதுவும் ஒரு காரணம். மூடி கெட்டிருப்பது சமவெளியில் தெரியாது. மலையில் தெரிந்துவிடும்.

ஓர் ஓட்டுநரின் நஷ்டம்

ஓர் உதாரணம் பார்க்கலாம். கால்காவிலிருந்து சிம்லாவுக்கு மலைப்பாதை போகிறது. அந்தப் பாதையில் பழைய மாருதி வேன் ஓட்டும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மாருதி வேன் 1984-இல் விற்பனைக்கு வந்தது. பிறகு ஆம்னி என்று பெயர் பெற்றது. 2019-இல் அதைச் செய்வது நிறுத்தப்பட்டது. ஆனாலும் நாடு முழுவதும் இன்னும் பல ஆம்னிகள் ஓடுகின்றன.

அந்த ஓட்டுநரின் வேன் மேடு ஏறும்போதெல்லாம் கொதித்தது. வழியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவார். மீண்டும் கொதிக்கும். ஒருவர் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடச் சொன்னார். ஒழுக்கு அடைபடும் என்றார். போட்டார். மஞ்சள் தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொண்டது. இன்னொருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னார். கழற்றினார். காலையில் இஞ்சின் சூடாக நேரம் பிடித்தது. பெட்ரோல் அதிகம் குடித்தது. கடைசியில் கடன் வாங்கிப் புது ரேடியேட்டர் போட்டார். மறு வாரமே வண்டி மீண்டும் கொதித்தது.

பிறகு வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனார். அந்தப் பக்கத்தில் அனுபவம் உள்ள மெக்கானிக்கை உஸ்தாத்ஜி என்று மரியாதையாக அழைப்பார்கள்.

"உஸ்தாத்ஜி, இஞ்சினை இறக்க வேண்டியிருக்குமா?" என்று ஓட்டுநர் பயத்தோடு கேட்டார்.

"அவசரப்படாதே, பேட்டா. வண்டி ஆறட்டும். முதலில் மூடியைக் கொடு" என்றார் அவர்.

மூடியைச் சோதித்தார். அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. ரப்பர் வெடித்திருந்தது. பழைய ரேடியேட்டரில் இருந்த அதே மூடியைத்தான் புது ரேடியேட்டரிலும் போட்டிருந்தார்கள். மூடியின் விலை ஒரு நாள் கூலிகூட இல்லை. அதை மாற்றினார்கள். தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டார்கள். கொதிப்பு நின்றது.

அந்த ஓட்டுநர் பணம் இல்லாமல் நஷ்டப்படவில்லை. வரிசை தெரியாமல் நஷ்டப்பட்டார். முதலில் சோதிக்க வேண்டும். பிறகுதான் செலவு செய்ய வேண்டும். சோதனையையும் விலை குறைந்த பொருளிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் உயிர், பிறகு வண்டி

சோதனைக்கு முன் ஒரு விதி. சூடான வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் இருக்கலாம். மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் போய்விடும். அந்த நொடியே தண்ணீர் பொங்கிச் சீறும். முகம், மார்பு, கை எல்லாம் வெந்துவிடும்.

மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வெறும் கையால் வசதியாகப் பிடிக்க முடியும் வரை காத்திருங்கள். இதற்கு அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பிறகு கனமான துணியை மூடி மேல் போடுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். முதல் தடை வரை மட்டும் மெல்லத் திருப்புங்கள். சத்தம் அடங்கிய பிறகு முழுவதும் திறங்கள்.

ஆம்னி போன்ற வேன்களில் இஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கினால் சூடு நேராக முகத்துக்கு வரும். குழந்தைகளை இறக்கி, தள்ளி நிற்க வையுங்கள். பிறகு இருக்கையைத் தூக்குங்கள்.

சூடான இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. சூட்டில் இருக்கும் உலோகத்தில் திடீரென்று குளிர் பட்டால் விரிசல் விடும்.

யாருக்காவது வெந்துவிட்டால் உடனே ஓடும் சாதாரணத் தண்ணீரில் காட்டுங்கள். 20 நிமிடம் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, மாவு, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். ஐஸ் கட்டியும் வேண்டாம். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். முகம், கண் வெந்திருந்தால் தாமதம் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஹோஸ் சொல்லும் சேதி

ரேடியேட்டரின் மேல் ஹோஸ் ஒரு நாடி போன்றது. வைத்தியர் நாடி பிடிப்பது போல ஓட்டுநர் அதைப் பிடித்துப் பார்க்கலாம். இஞ்சினை நிறுத்திவிட்டு, துணி சுற்றிய கையால் அமுக்கிப் பாருங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். ஹோஸ் எப்போது இறுகுகிறது? எவ்வளவு இறுகுகிறது? ஆறிய பிறகு என்ன ஆகிறது?

நல்ல வண்டியில் காலையில் ஹோஸ் மெத்தென்று இருக்கும். இஞ்சின் சூடாகச் சூடாக மெல்ல இறுகும். நன்றாக ஓடிய பிறகு கெட்டியாக இருக்கும். ஆறிய பிறகு மீண்டும் மெத்தென்று ஆகும். வடிவம் மாறாது.

இந்த வழக்கத்திலிருந்து மாறினால் கோளாறு. மாற்றம் மூன்று வகை.

முதல் வகை: ஹோஸ் இறுகவே இல்லை

இஞ்சின் நன்றாகச் சூடாகிவிட்டது. ஹோஸ் மட்டும் தொளதொளவென்று இருக்கிறது. உள்ளே அழுத்தம் நிற்கவில்லை என்று பொருள். எங்கோ வழி இருக்கிறது.

முதலில் மூடியைப் பாருங்கள். ரப்பர் வெடித்திருக்கிறதா? ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா? மூடி உட்காரும் வாய் நெளிந்திருக்கிறதா? மூடியில் உள்ள எண் அந்த வண்டிக்கு உரியதுதானா?

அடுத்து ஒழுக்கைத் தேடுங்கள். ஹோஸ் முனைகளில் கிளிப் தளர்ந்திருக்கலாம். ரேடியேட்டரின் இணைப்பு விட்டிருக்கலாம். வாட்டர் பம்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். அதிலிருந்து சொட்டினால் பம்பின் சீல் போய்விட்டது. ஈரம் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ, பச்சையாகவோ, துரு நிறமாகவோ கறை இருக்கும். கறையைத் தேடினால் ஒழுக்கு கிடைக்கும்.

சில ஒழுக்குகள் வண்டி நிற்கும்போது தெரியாது. அழுத்தம் ஏறினால்தான் தெரியும். அதற்கு ஒரு கருவி உண்டு. கைப் பம்பும் மீட்டரும் சேர்ந்தது. அதைப் பிரஷர் டெஸ்டர் என்பார்கள். வண்டி ஆறிய பிறகு ரேடியேட்டர் வாயில் அதை மாட்ட வேண்டும். மூடியில் உள்ள எண் வரை மட்டும் காற்றடிக்க வேண்டும். அதற்கு மேல் அடித்தால் பழைய ரேடியேட்டர் பிளந்துவிடும். சில நிமிடம் மீட்டர் முள்ளைக் கவனியுங்கள். முள் நின்றால் ஒழுக்கு இல்லை. முள் இறங்கினால் ஒழுக்கு உண்டு. அப்போது தண்ணீர் கசியும் இடத்தைக் கண்ணால் காணலாம். மூடியையும் இதே கருவியில் தனியாகச் சோதிக்கலாம்.

முள் இறங்குகிறது, ஆனால் வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் கவனம். தண்ணீர் இஞ்சினுக்கு உள்ளேயே போகிறது. அது மூன்றாம் வகைக்குச் சேர்ந்தது.

இரண்டாம் வகை: ஆறிய பிறகு ஹோஸ் சப்பையாகிறது

ராத்திரி நிறுத்திய வண்டி. காலையில் பார்த்தால் ஹோஸ் உள்வாங்கிச் சப்பையாக இருக்கிறது. பலர் இதைப் பார்த்து ஹோஸை மாற்றுவார்கள். புது ஹோஸும் சப்பையாகும்.

காரணம் இதுதான். சூட்டில் தண்ணீர் விரியும். மிஞ்சிய தண்ணீர் மூடி வழியாக ரிசர்வ் டப்பாவுக்குப் போகும். ஆறும்போது தண்ணீர் சுருங்கும். டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுக்கும். இதற்காக மூடியின் நடுவில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. அது ஒட்டிக்கொண்டால் தண்ணீர் திரும்ப வராது. டப்பாவுக்குப் போகும் சிறு குழாய் அடைத்திருந்தாலும் வராது. உள்ளே வெற்றிடம் உண்டாகி ஹோஸை உறிஞ்சும்.

ஆகவே மூடியின் நடு வால்வைப் பாருங்கள். சிறு குழாயை ஊதிப் பாருங்கள். அந்தக் குழாயில் விரிசல் இருந்தால் தண்ணீருக்குப் பதில் காற்று உள்ளே போகும். டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கும். ரிசர்வ் டப்பாவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. வண்டி ஆறிய காலை நேரத்தில் ரேடியேட்டரையும் திறந்து பார்க்க வேண்டும்.

மூன்றாம் வகை: ஹோஸ் கல் போல் இறுகுகிறது

இதில் நேரத்தைக் கவனிக்க வேண்டும்.

வண்டி வெகுதூரம் ஓடி, மீட்டர் முள் மேலே போன பிறகு ஹோஸ் கல்லானால், முதல் சந்தேகம் சூட்டின் மேல். பேன் சுற்றுகிறதா? பெல்ட் தளர்ந்திருக்கிறதா? ரேடியேட்டரின் முன்னே புழுதியும் பூச்சியும் அடைத்திருக்கிறதா? தெர்மோஸ்டாட் திறக்கிறதா? தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்க்கலாம். பல வண்டிகளில் 82 டிகிரி அளவில் அது திறக்கத் தொடங்கும். தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால் மாற்ற வேண்டும். இவை எல்லாம் சரி செய்யக் கூடியவை.

ஆனால் காலையில் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடாகும் முன்பே ஹோஸ் கல்லானால் விஷயம் வேறு. சூடு இல்லாமல் அழுத்தம் எங்கிருந்து வந்தது? சிலிண்டரிலிருந்து வந்தது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் இருக்கிறது. அது பழுதானால் சிலிண்டரில் எரியும் வாயு தண்ணீருக்குள் புகும். சிலிண்டர் அழுத்தம் மூடி தாங்கும் அழுத்தத்தைப் போல் பல மடங்கு. ஆகவே ஹோஸ் உடனே இறுகும். இரவு முழுதும் ஆறிய பிறகும் காலையில் ஹோஸ் இறுகியே இருந்தால் அதுவும் இதற்கு அடையாளம். ஹெட்டில் விரிசல் இருந்தாலும் இப்படியே நடக்கும்.

உறுதி செய்ய ஒரு வழி உண்டு. முழுவதும் ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து, வாய் வரை தண்ணீர் நிரப்புங்கள். இஞ்சினைக் கிளப்புங்கள். முகத்தைத் தள்ளி வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் சில காற்றுக் குமிழ்கள் வந்து நின்றால் பயமில்லை. குமிழ் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது கூடினால், வாயு புகுகிறது. தண்ணீர் சூடாகும் முன் இஞ்சினை நிறுத்திவிடுங்கள். மெக்கானிக்கிடம் நீல நிறத் திரவம் உள்ள ஒரு சோதனைக் குழாயும் இருக்கலாம். எரிந்த வாயு பட்டால் அந்தத் திரவத்தின் நிறம் மாறும்.

வேறு அடையாளங்களும் உண்டு. இஞ்சின் ஆயில் பால் காபி போல் மாறும். இஞ்சின் சூடான பிறகும் புகைக் குழாயில் வெள்ளைப் புகை நிற்காது. ஒழுக்கே இல்லாமல் தண்ணீர் குறையும். எல்லா அடையாளமும் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை.

இப்படி இருந்தால் வண்டியை ஓட்டக் கூடாது. இன்று நிறுத்தினால் கேஸ்கெட் மாற்றி, ஹெட்டை லேத்தில் கொடுத்துப் பேசிங் செய்வதோடு முடியலாம். இன்னும் ஒரு வாரம் ஓட்டினால் ஹெட்டே போய்விடலாம். தண்ணீர் ஆயிலில் கலந்தால் பேரிங்கும் போகும். குழந்தைகளை ஏற்றும் வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம்.

செய்யக் கூடாதவை

அதிக எண் உள்ள மூடியைப் போட்டால் கொதிக்காது என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. மூடி தாங்கும், பழைய ஹோஸ் தாங்காது. வெடிக்கும்.

மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டுவதும் தவறு. அழுத்தம் இல்லாவிட்டால் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும்.

போர்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே உப்புப் படியும். சுத்திகரித்த தண்ணீரும் கூலன்டும் கலந்து ஊற்ற வேண்டும். எந்த அளவு என்பது கூலன்ட் டப்பாவில் எழுதியிருக்கும். படித்துப் பார்த்து ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றிய பிறகு உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினாலும் வண்டி கொதிக்கும்.

பழைய கூலன்டைத் தெருவில் கொட்டாதீர்கள். அது பெரும்பாலும் விஷம். சுவை இனிப்பு. நாயும் ஆடும் நக்கினால் செத்துப்போகும். குழந்தைகளுக்கும் ஆபத்து. குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவும் கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகம்

கடைசியாக ஒன்று. எழுதப் படிக்கத் தெரிந்த ஓட்டுநருக்கு ஒரு பெரிய ஆயுதம் கையில் இருக்கிறது. வண்டியில் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் வையுங்கள். என்றைக்குக் கொதித்தது? மேட்டிலா, சமவெளியிலா? ஹோஸ் எப்படி இருந்தது? எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள்? மூடியை எப்போது மாற்றினீர்கள்? நாலு வரி எழுதினால் போதும்.

ஒரு வாரத்தில் 2 லிட்டர் குறைந்தது என்று எழுதி வைத்தவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. மெக்கானிக்கும் அதைப் பார்த்துச் சீக்கிரம் கோளாறைக் கண்டுபிடிப்பார். "எதைச் சோதித்தீர்கள், முள் எங்கே நின்றது?" என்று கேட்கும் துணிவும் வரும். பழைய பொருளைத் திரும்ப வாங்கிப் பாருங்கள். பில்லைப் படித்துப் பாருங்கள்.

மூடி, ஹோஸ், கிளிப், பம்ப், தெர்மோஸ்டாட். அதற்குப் பிறகுதான் ரேடியேட்டரும் ஹெட்டும். ஆனால் குளிர்ந்த வண்டியில் ஹோஸ் கல்லானால் இந்த வரிசைக்குக் காத்திருக்க வேண்டாம். வண்டியை உடனே நிறுத்துங்கள்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் பக்கத்து ஸ்டாண்டில் இருக்கும் ஓட்டுநருக்கும் படித்துக் காட்டுங்கள்.